மூக்கு ஆன்ட்டி

சாப்பாடு முன்னால் வந்தால் எல்லோரும் கையை நீட்டுவார்கள். அந்த அக்கா கழுத்தை நீட்டுவார். முந்தானையை ஒரு கையால் மார்போடு பிடித்துக்கொண்டு, தட்டுக்கு மேல் குனிந்து, கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுப்பார். பக்கத்தில் இருக்கும் நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்ப்போம். நிமிர்ந்து, "தாராளமா குடு" என்பார். சில சமயம், "இத்த குடுக்காதே" என்பார். காரணம் சொல்ல மாட்டார். கேட்டால் மூக்கின் நுனியை ஒரு விரலால் தட்டிக் காட்டுவார்.

என் மகள்தான் அவருக்கு 'மூக்கு ஆன்ட்டி' என்று பேர் வைத்தாள். அவர் கோபித்துக்கொள்வாரோ என்று நான் பதறினேன். "கரெக்டா வச்சிகீது பாரு. எங்க ஊர்லயும் எனக்கு அதான் பேரு" என்று அவர் சிரித்தார்.

அந்தத் 'தாராளமா குடு'வுக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்பது புரிய வேண்டுமானால் என் மகளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவளுக்குப் பால் ஆகாது. வயிறு உப்பும், சளி பிடிக்கும் என்கிற ஆகாமை இல்லை. முதல் பிறந்தநாளுக்கு முன்பு ஒருநாள் பால்சோறு ஊட்டினேன். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கியது. அழுகை கம்மிப்போய் விசில் மாதிரி வந்தது. ஆட்டோவில் அவளை மடியில் போட்டுக்கொண்டு போனபோது, கேம்ப் ரோடு சிக்னலில் நின்ற ஒவ்வொரு வண்டியையும் நான் கைகூப்பிக் கும்பிட்டேனாம். எனக்கு நினைவில்லை, கணவர் சொன்னார். பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் எதுவும் ஒரு துளிகூடக் கூடாது என்றார் டாக்டர். அன்று முதல் என் கைப்பையில், தொடையில் போடுகிற ஊசி மருந்து ஒன்று எப்போதும் இருக்கிறது. பை என் கையில் இருக்கும்போதே அது உள்ளே இருக்கிறதா என்று திறந்து பார்ப்பேன். மூடியதும், சரியாகப் பார்த்தேனா என்று மறுபடி திறப்பேன்.

வெளியே சாப்பிடப் போனால் இன்னொரு சங்கடம். 'பால்' என்ற சொல்லே எனக்கு எதிரியாக இருந்தது. "இதுல பால் இருக்கா?" என்று கேட்பேன். "பால்லாம் இல்ல மேடம், சுத்த சைவம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். "பால் சேர்க்கலியே, மேலே கொஞ்சம் நெய் மட்டும்தான்" என்பார்கள். நெய்யைப் பால் என்று யாரும் நினைப்பதில்லை. மோரையும் நினைப்பதில்லை. ஒரு கல்யாணத்தில் மோர்மிளகாயை என் மகளின் இலையில் போட்டுவிட்டு, "மிளகாதானேம்மா" என்றார் பரிமாறியவர். யாரும் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னார்கள். இதற்கு நேர்மாறாக, பால் என்றால் பயம் என்று நான் பழக்கி வைத்திருந்த பிள்ளை, தேங்காய்ப் பால் என்று யாரோ சொன்னதும் என் காலைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

வீகன் என்ற சொல் இப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. கொள்கை, கருணை எல்லாம் பிறகு. பாலே இல்லாத சமையல் எது என்று போனில் தேடினேன். அந்தச் சொல் கிடைத்தது. சேலையூரில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடி வீட்டில் சனிக்கிழமைதோறும் வீகன் சமையல் வகுப்பு நடக்கிறது என்ற செய்தியும் கிடைத்தது. மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். போவதற்கு முன் நடத்துகிற மேடத்துக்குப் போன் செய்து, அடுப்பு மேடையில் எப்போதாவது பால் காய்ச்சுவார்களா, பாத்திரங்கள் தனியா, என்று கேட்டேன். வைத்துவிட்டு, கேட்க மறந்தது நினைவு வந்து மறுபடியும் செய்தேன். மூன்றாவது முறை செய்தபோது, "நேர்ல வந்து பாத்துருங்களேன்" என்றார் மேடம், பொறுமையாக.

முதல் நாள் வேர்க்கடலைத் தயிர். கடலையை ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து, வடிகட்டிக் காய்ச்சி, இளஞ்சூட்டில் பச்சைமிளகாய்க் காம்புகளைப் போட்டு உறைய வைப்பது. மேடம் முந்தைய நாளே உறைய வைத்திருந்ததைத் திறந்து காட்டினார். கரண்டி போட்டால் துண்டு துண்டாக வந்தது. புளிப்பும் சரியாக இருந்தது. அதில் சாதத்தைக் குழைத்து, கடுகு தாளித்து, மாதுளை முத்துகள் தூவி ஆளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார்.

என் மகள் பிறந்ததிலிருந்து தயிர்சாதம் சாப்பிட்டதில்லை. மற்ற பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் பார்த்திருக்கிறாள். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். வேர்க்கடலை அவளுக்கு ஒன்றும் செய்யாது என்று பரிசோதனை செய்தாகிவிட்டது. தயிரை என் கண்ணெதிரேதான் திறந்தார்கள். ஆனால் அது உறைந்தது நேற்று. நேற்று நான் இங்கே இல்லை. அந்தப் பாத்திரத்தில் அதற்கு முன் என்ன இருந்தது? கரண்டி? மேடத்தின் கை? என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. பிள்ளை காத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, கொழந்த கையில கிண்ணத்தக் குடுத்துட்டு நீ ஏன் பேயறஞ்சா மாதிரி நிக்கிற?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பினால், பச்சைச் சேலையில், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக ஒருவர். விஷயத்தைச் சொன்னேன். அவர் மேடத்திடம் போய் ஏதோ பேசிவிட்டு வந்தார். உட்கார்ந்து, என் மகளின் கிண்ணத்துக்கு மேல் குனிந்தார். கண்ணை மூடினார்.

"கடலதான். மாட்டு வாசனையே கெடையாது. தாராளமா குடு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மா மீன் விக்கிறவங்க. கடக்கரையில வளந்த மூக்கு இது. கூடய மோந்து பாத்தா, மீன் இன்னிக்குப் புடிச்சதா, முந்தாநேத்து ஐஸ்ல கெடந்ததான்னு சொல்லிருவேன். ஆறு வயசுலேந்து எங்கம்மா என்னத்தான் மொதல்ல மோக்க வுடும். உம் பொண்ணு தயிர மோக்க மாட்டனா?"

மகள் சாப்பிட்டாள். நான் அவள் உதடுகளைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், சட்டைக் கையை மேலே தள்ளித் தோலைப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. "இன்னும் குடும்மா" என்றாள். அன்று அவள் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். நான் பாத்ரூமுக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதிலிருந்து அந்த அக்காவின் மூக்கு எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அவர் முடிச்சூரிலிருந்து பஸ்ஸில் வருவார். கணவருக்கு மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை. மீன்காரர் வீட்டுப் பெண் ஏன் வீகன் சமையல் கற்க வருகிறார் என்று வகுப்பில் கேட்காதவர் கிடையாது. "மீனு சலிச்சுப்போச்சு" என்பார். அடுத்த வாரம் வேறு யாராவது கேட்டால், "டாக்டர் வாயக் கட்டச் சொல்லிட்டாரு" என்பார். அவருடைய மூக்கைப் பற்றிய கதைகள் மட்டும் மாறாதவை. முடிச்சூரில் வெள்ளம் வந்த வருஷம், தண்ணீர் தெருவுக்குள் வருவதற்கு முன்பே சேற்று வாசனையைப் பிடித்துவிட்டாராம். கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் மாடிக்கு ஏற்றினாராம். "'இன்னாடி கனாக் கண்டியா'ன்னாங்க. அப்பால பாத்தா, வூட்டுக்குள்ள கட்டில் மெதக்குது" என்று சொல்லும்போது அவர் மூக்கு கொஞ்சம் மேலே தூக்கிக்கொள்ளும்.

சமையலில் மட்டும் அவர் கவனமில்லாதவர். கடுகு கருகும், வெங்காயம் அடிப்பிடிக்கும். பேச்சு மும்முரத்தில் விட்டுவிடுவார் என்று நாங்கள் கேலி செய்வோம். "அக்கா, எங்க மூக்குக்கே தெரியுது, உங்க மூக்கு என்ன லீவா?" என்று ஒருமுறை மேடம் கேட்டபோது, "அத்த இந்தப் பொண்ணுக்கு மட்டும்னு வச்சிகீறேன்" என்று என் மகளைக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மாதத்தில் ஒருநாள் வகுப்பாகவே சேர்ந்து ஏதாவது ஓட்டலுக்குப் போவோம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டிபன் கடை, வேளச்சேரி சாலையில் ஒரு பெரிய ஓட்டல், கடற்கரைச் சாலைப் பக்கம் புதிதாகத் திறந்த வீகன் உணவகம். பாலில்லாமல் எங்கே என்ன சாப்பிட முடியும் என்று பார்த்து வருவதுதான் பாடம். மற்றவர்களுக்கு அது சந்தோஷமான நாள். நானோ முந்தின நாளே ஊசியின் காலாவதித் தேதியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் போகாமல் இருக்கவும் முடியாது. ஓட்டல் மேஜையில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு மெனு அட்டையைப் படிக்கிற என் மகளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது அந்த அக்கா எப்போதும் முன்னதாகவே வந்திருப்பார். "பஸ்ஸு சீக்கிரம் வந்துட்ச்சி" என்பார். பெரும்பாலும் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், சமையலறைக் கதவை ஒட்டி, சேலையில் கை துடைத்துக்கொண்டு நிற்பார். பிறகு எங்களோடு வந்து உட்கார்ந்து, தட்டு வந்ததும் கழுத்தை நீட்டுவார்.

டிபன் கடையில் ஒருமுறை, எண்ணெய் மட்டும் ஊற்றிச் சுட்ட தோசை என்று சொல்லித்தான் கொண்டு வந்தார்கள். அக்கா குனிந்து முகர்ந்தார். முகம் மாறியது. "இத்த குடுக்காதே." சர்வர் சத்தியம் செய்தார். அக்கா அசையவில்லை. கடைசியில் தோசை போடுகிறவரே வெளியே வந்து, "அதே கல்லுலதான் இதுக்கு முன்னாடி நெய் ரோஸ்ட் போட்டேன், துணியால தொடச்சிட்டுத்தான் போட்டேன்" என்றார். எங்கள் மேஜையில் கைதட்டினார்கள். நான் தட்டை மேஜையின் மறு ஓரத்துக்குத் தள்ளினேன். ஒரு வாய், ஒரே ஒரு வாய். அன்று வீடு திரும்பும்போது கணவரிடம், "அந்த அக்கா இருக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்லை" என்று சொன்னேன்.

நான் வேதியியல் படித்தவள். என் மகளைக் கொல்லக்கூடியது பாலில் இருக்கும் புரதம். ஒரு சோற்றுப் பருக்கையில் ஒட்டியிருக்கிற அளவு எந்த மூக்குக்கும் எட்டாது என்பது எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னதைச் சந்தேகித்து இன்னொரு டாக்டரிடம் போனவள் நான். ஆனால் அந்த மூக்கை ஒருநாளும் சந்தேகிக்கவில்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. அன்று பலாக்காய் பிரியாணி. தேங்காய் போதாது என்று மேடம் சொல்ல, மகளை அக்காவின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, நானும் மேடமும் கீழே கடைக்குப் போனோம். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. திரும்பி மாடிப்படியில் பாதி ஏறும்போதே நாற்றம் முகத்தில் அடித்தது. காஸ். படி முழுக்க நிறைந்திருந்தது. மேடத்தின் கையிலிருந்து தேங்காய் உருண்டு கீழே போனது.

கதவு திறந்திருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அடுப்பின் ஒரு குமிழ் திருகியிருந்தது. அக்கா அடுப்பின் முன்னால், எங்களைப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்றார். என் மகள் அவர் காலடியில் முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

"ஏதோ நாத்தம் அடிக்குது ஆன்ட்டி."

அக்கா கழுத்தை நீட்டினார். கண்ணை மூடி, மூச்சை இழுத்தார். "ஒன்னியும் இல்ல கண்ணு. பலாக்கா வாசனை அது" என்றார். மேடைமேல் இருந்த லைட்டரை எடுத்தார்.

"பத்த வைக்காதீங்க!" என்று மேடம் கத்தியது தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

லைட்டர் தரையில் விழுந்தது. நான் எப்படி உள்ளே போனேன், மகளைத் தூக்கிக்கொண்டு எப்படிக் கீழே வந்தேன் என்று தெரியாது. தெருவில், எதிர்ப்பக்கத்து மரத்தடியில் நின்றபோதுதான் செருப்பில்லாமல் இருப்பது தெரிந்தது. மேலே மேடம் ஜன்னல்களைத் திறக்கிற சத்தம் கேட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் மனதில் நெருப்பு வரவே இல்லை. அந்தக் கிண்ணம் வந்தது. தோசை வந்தது. கடற்கரைச் சாலை உணவகத்தில் சாப்பிட்ட முந்திரி ஐஸ்கிரீம், வேளச்சேரியில் சாப்பிட்ட கொழுக்கட்டை, ஒவ்வொரு தட்டாக வந்தது. இத்தனையையும் என் பிள்ளை எதை நம்பிச் சாப்பிட்டாள்?

அக்கா மெதுவாகப் படியிறங்கி வந்தார். என் பக்கத்தில் வரவில்லை. கடைசிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

நான் தெருவைக் கடந்து போய்க் கேட்டேன். "உங்களுக்கு வாசனை தெரியாதா?"

அவர் தலையை ஆட்டினார்.

"எப்போலேர்ந்து?"

"கொரோனால போச்சு. வரும் வரும்னாங்க. வர்ல." முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். "மெய்யாலுமே ஒன்னியும் தெரியாது. பூவும் ஒன்னுதான், பீயும் ஒன்னுதான். மீனு வாயில ரப்பர் மாதிரி கீது. எங்கம்மா கூடய நீட்டி 'மோந்து சொல்லுடி'ன்றப்போ பேஜாராப்பூடும். அதான் மீனே இல்லாத எடமாப் பாத்து இங்க வந்தேன்."

"அப்போ என் பொண்ணு சாப்பிட்டதெல்லாம்?"

"கேட்டேன்மா." அவர் அவசரமாக நிமிர்ந்தார். "சத்தியமா கேட்டேன். ஒவ்வொரு எடத்துக்கும் முன்னாடியே போயி, உள்ள பூந்து, மாஸ்டராண்ட நின்னுகினு கேட்டேன். பால் கீதான்னு கேக்க மாட்டேன். எப்டிப் பண்ற, மொதல்லேர்ந்து சொல்லுன்னுவேன். எந்தக் கல்லு, எந்தக் கரண்டி, அதுக்கு முன்ன அதுல இன்னா போட்ட, எல்லாம். அந்தத் தோச, கல்லுல நெய் ஊத்துனத நான் கண்ணால பாத்தேன்."

"அதை என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே! எதுக்கு இந்த நாடகம்?"

"சொன்னா நீ நம்புவியா?" என்று கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். "'அவரு சரியாச் சொன்னாரா, நீங்க சரியாக் கேட்டீங்களா'ன்னு நீ நூறு கேள்வி கேப்ப. அதுக்குள்ள சோறு ஆறிப்பூடும், புள்ள மூஞ்சி தொங்கிப்பூடும். மூக்குன்னு சொன்னப்போ நீ ஒரு கேள்வி கேக்கல."

அவர் குரலைத் தாழ்த்தி, "நீங்க ரெண்டு பேரும் என் மூஞ்சியவே பாத்துகினு கம்முனு நிப்பீங்களா, அப்போ எனக்கே அது திரும்பி வந்துட்டா மாதிரி இருக்கும்மா" என்றார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து மகள், "மூக்கு ஆன்ட்டி, மேல வரலாமா?" என்று கத்தினாள். நான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன். அக்காவின் போன் வந்தால் எடுக்கவில்லை. அவர் கேட்டது உண்மை என்றால் என் மகள் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறாள் என்று ஒருநாள் தோன்றும். கேட்டது பாதி, நடித்தது பாதி என்றால், என்று மறுநாள் தோன்றும். மகளிடம் எதையும் சொல்லவில்லை. பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன்.

தீபாவளிக்கு முன்பு எதிர்வீட்டில் பலகாரம் சுட்டார்கள். கதவு திறந்திருந்தது. நான் மாடியில் துணி எடுக்கப் போயிருந்தேன். இறங்கி வந்தபோது மகள் கூடத்தில் நின்று கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். கையில் பாதி முறுக்கு. "அம்மா, நாக்கு என்னமோ பண்ணுது" என்றாள். உதடு தடித்திருந்தது. எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து, "பால் ஒன்னும் இல்லம்மா, வெண்ணெய் முறுக்குதான்" என்றார்.

பையில் ஊசி இருந்தது. எத்தனை முறை மனதுக்குள் போட்டுப் பழகிய ஊசி. தொடையில் அழுத்திப் பிடித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே போனேன். விசில் வந்தது. கொஞ்சம் குறைந்தது. மறுபடி வந்தது. அங்கே முகமூடி மாட்டி, மருந்து ஏற்றி, அவள் நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்க ஆரம்பிக்கும் வரை நான் எதையும் நினைக்கவில்லை.

முகமூடியை எடுத்ததும் அவள் பேசிய முதல் வார்த்தைகள் இவை: "நான் மோந்து பாத்துட்டுத்தாம்மா சாப்பிட்டேன். பால் வாசனையே வரலை."

திட்டு விழும் என்று நினைத்து முன்கூட்டியே நியாயம் சொல்கிறாள். தான் சரியாகத்தான் செய்தேன் என்று நிரூபிக்கப் பார்க்கிறாள். மூக்கு ஆன்ட்டி மாதிரி கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, ஆழமாக இழுத்திருப்பாள். யாரும் பார்க்காமல், தனியாக, அந்தக் கூடத்தில்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அந்த அக்காவுக்குப் போன் செய்தேன். என்னென்ன பேசினேனோ. நடந்ததைச் சொன்னேன், அதற்கு மேலும் சொன்னேன். கடைசியில் அவர், "புள்ள வூட்டுக்கு வந்ததும் ஒரு போன் அடி" என்று மட்டும் சொன்னார்.

மகள் வீட்டுக்கு வந்ததும் போன் செய்து சொன்னேன். மறுநாள் காலையில் அவர் வந்தார். சேலையூர் பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்து வியர்த்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. மகளின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

"கண்ணு, உங்கூட்ல வாசனையாக் கீறது எல்லாத்தயும் எடுத்தாந்து எம்மூக்காண்ட வையி. நான் இன்னான்னு சொல்றேன்."

விளையாட்டு என்று நினைத்து மகள் குதித்து ஓடினாள். பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்து திறந்து நீட்டினாள். எனக்கு எட்டடி தள்ளி நின்றும் வாசனை வந்தது.

"இன்னாது, பவுடரா?" என்றார் அக்கா.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சாமி படத்திலிருந்து மல்லிப்பூவை எடுத்து வந்தாள். "சோப்பா?" காபித்தூள். "மஞ்சளா?" ஒவ்வொன்றுக்கும் அவள் சிரித்தாள். "தப்பு, தப்பு!" என்று கைகொட்டினாள்.

"என் பையில ஒரு பொட்டலம் கீது பாரு. அத்தயும் எடு."

மகள் பிரித்ததும், "அய்யே!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நெத்திலிக் கருவாடு. வீடு முழுக்க அதன் வாடை. அவள் ஒரு கையால் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அதை அக்காவின் மூக்குக்கு அடியில் வைத்தாள். அக்கா கழுத்தை நீட்டினார். ஆழமாக இழுத்தார். மீன்கூடைகளுக்கு நடுவில் வளர்ந்தவர். இன்னொரு முறை, இன்னும் ஆழமாக இழுத்தார். இப்போது அவர் நடிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஏதாவது வராதா என்று உண்மையாகவே தேடினார்.

"தெரியலியே கண்ணு" என்றார்.

மகள் சிரிப்பதை நிறுத்தினாள். பொட்டலத்தைக் கீழே வைத்தாள். முந்தானைக் கட்டு ஈரமாவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நெஜமாவே தெரியலையா ஆன்ட்டி?"

"நெஜமாவே தெரியாது. அன்னிக்கும் தெரியாது. நான் மோந்தது எல்லாம் பொய்யி. சமைக்கிறவங்களாண்ட போய்க் கேட்டனே, அதான் நெஜம். நீ மோந்து பாத்து எதயும் தின்னக் கூடாது. என் மூக்குன்னாலும் சரி, உன் மூக்குன்னாலும் சரி. வாயத் தொறந்து கேக்கணும். 'எப்டிப் பண்ணீங்க, மொதல்லேர்ந்து சொல்லுங்க'ன்னு கேக்கணும். சொல்லலன்னா துன்னக் கூடாது. சொல்லு பாக்கலாம்."

"எப்படிப் பண்ணீங்க, மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள் மகள், சின்னக் குரலில். பிறகு கேட்டாள்: "அப்புறம் எதுக்கு ஆன்ட்டி மோந்தீங்க?"

அக்கா கண்கட்டை அவிழ்க்கவில்லை. "உங்கம்மா ரொம்பப் பயந்துகினு இருந்தாடா" என்றார்.

என்னைப் பற்றிச் சொன்னது அது ஒன்றுதான். தன்னைப் பற்றி, அன்று படியில் உட்கார்ந்து சொன்னதை, பிள்ளையிடம் சொல்லவில்லை. கிளம்பும்போது கருவாட்டுப் பொட்டலத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டார். நான் காபி வேண்டுமா என்று கேட்டேன். பாலில்லாத காபிதான் எங்கள் வீட்டில். "எதுக்கு, எனக்கு எல்லாம் சுடுதண்ணிதான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். போகாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அவர் கணவரின் கம்பெனிக்குப் பக்கத்திலேயே, மறைமலை நகருக்குக் குடிபோய்விட்டதாக மேடம் சொன்னார். அவர் மீது எனக்கு இருப்பது நன்றியா கோபமா என்று இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை.

மகளுக்கு இப்போது எட்டு வயது. போன வாரம் கிழக்குத் தாம்பரத்தில் அதே டிபன் கடைக்குப் போயிருந்தோம். சர்வர் வந்ததும் அவள் நாற்காலியிலிருந்து இறங்கி, "தேங்காய்ச் சேவை எப்படிப் பண்றீங்க? மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்று கேட்டாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவரோடு சமையலறைக் கதவுவரை போனாள். உள்ளே அரிசி, தேங்காய், எண்ணெய், தனிக் கரண்டி என்று மாஸ்டர் சொல்லச் சொல்லத் தலையாட்டினாள். இருந்த இடத்திலிருந்து எனக்கும் எல்லாம் கேட்டது.

தட்டு வந்தது. தேங்காய்ச் சேவை, ஆவி பறந்தது. அவள் கையை நீட்டுவதற்குள் நான் அதைத் தூக்கி என் முகத்தருகே கொண்டுபோயிருந்தேன். கண்களை மூடியிருந்தேன். எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது, நான் மூச்சை இழுக்கவே இல்லை. பயத்தில் அடக்கி வைத்திருந்தேன்.

தட்டின் மறுமுனையில் ஒரு சின்னக் கை வந்து மெதுவாக இழுத்தது.

"நான் கேட்டுட்டேன்மா" என்றாள்.

தட்டை விட்டேன். அவள் சாப்பிட ஆரம்பித்தாள். நான் பையைத் திறந்து ஊசி இருக்கிறதா என்று பார்த்தேன். மூடிவிட்டு, அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.